ஆத்தூர் மோட்டார்

மார்ச் 1, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். கடைக்கு ஒருவரும் வரவில்லை. நாங்களே பாகம் பூட்டிச் செய்த வால்வு ரேடியோ ஐந்தும் அலமாரியில் அப்படியே. தெருவில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டு போகிறது. "உங்க பெட்டியத் தூக்கிட்டு வயலுக்குப் போக முடியுமா?" – எதிர்க்கடை ஜவுளிக்காரர். எரிச்சல். என் வீட்டுக்காரர் மதுரை மில் வேலைக்கு மனு எழுதிவிட்டார். ஞாயிறுக்குள் வழி தெரியாவிட்டால் கடையை மூடுவாராம்.

மார்ச் 2, செவ்வாய்
ஆத்தூர் கருப்பையா, எரிந்துபோன பம்புசெட் மோட்டாரோடு வந்தார். "மதுரையில பத்து நாளாகுங்கிறாக. அதுக்குள்ள கத்தரி கருகிரும். நீங்க பாருங்களேன்." வீட்டுக்காரர் தயங்கினார். நான் முந்திக்கொண்டு சரி என்றேன். ரேடியோ டிரான்ஸ்பார்மருக்கு ஐந்து வருடம் கம்பி சுற்றிய கை. பழைய கம்பியைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக் குறித்தேன். தடித்த கம்பி. விரலெல்லாம் கீறல்.
வாங்க: செம்புக் கம்பி, வார்னிஷ், நாடா, கறி ½ கிலோ (நாளை விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும்).

மார்ச் 5, வெள்ளி
சுற்றி முடிந்தது. எங்கள் தெருவில் இந்த மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்ட் இல்லை, ஓட்டிப் பார்க்க வழியில்லை. வீட்டுக்காரர் மட்டும் ஆத்தூர் போய் மாட்டினார். மாலை 6 மணிக்குத் திரும்பினார், முகம் செத்துப்போய். மோட்டார் ஓடுகிறதாம், தண்ணீர் ஏறவில்லையாம். நாளைக்குள் சரியாகாவிட்டால் மதுரைக்கே கொண்டுபோய்விடுவாராம் கருப்பையா.
"நமக்கெதுக்கு இந்த வேல? நீ எண்ணுனது தப்பு." – வீட்டுக்காரர்.
சாப்பிடவில்லை. குறிப்பை மூன்று முறை பார்த்தேன். தப்பில்லை. நாளை நானும் போவேன்.

மார்ச் 6, சனி
காலை 7 மணி பஸ். நானும் போனேன். கத்தரி துவண்டு கிடந்தது, பார்க்கவே பயம். மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். மோட்டார் சக்கரம் ஓய்கிறபோதுதான் கண்ணில் பட்டது. பம்பின் மேலுள்ள அம்புக்குறி ஒரு பக்கம், சக்கரம் சுற்றுவது எதிர்ப் பக்கம். ரேடியோ பிளக்கை எப்படிச் செருகினாலும் பாடும். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்காரர் மூன்று வயரையும் கைக்கு வந்தபடி மாட்டியிருக்கிறார். மெயினை அணைத்து, இரண்டை இடம் மாற்றச் சொன்னேன், சுற்றும் பக்கம் திரும்பட்டும் என்று. குழாய் கொஞ்சம் இருமியது. பிறகு தண்ணீர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.
"வந்துருச்சு, அப்பு!" – கருப்பையா, வாய்க்காலில் நின்றுகொண்டு வீட்டுக்காரரிடம்.

மார்ச் 7, ஞாயிறு
பூசை முடிந்து வந்தால் கடை வாசலில் மாட்டுவண்டி. இரண்டு மோட்டார். மில் மனு இன்னும் வீட்டுக்காரர் சட்டைப் பையில்தான்.
வண்டிக்காரர் அவரிடம் கேட்டார்: "மோட்டாருக்குக் கம்பி சுத்துற அம்மா இருக்காகளா?"
அவர் என்னைப் பார்த்தார்.
"இருக்காக. உள்ள கொண்டாங்க."