குரங்கணி வளைவில் நின்ற ராசாவுக்கு

என் அன்பு அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நம் வீட்டில் எதையும் கேட்கும் பழக்கம் கிடையாது. போனவரிடம் கேட்டும் பயனில்லை. அதனால் நேரே சேதிக்கு வருகிறேன்.

அரண்மனையின் முன்கட்டு இன்னும் நிற்கிறது. பின்கட்டுச் சுவர் ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. தர்பார் மண்டபத்தை வாடகைக்கு எடுத்த ஏலக்காய் வியாபாரி அதை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். காய் பிரிக்கும் பெண்கள் காலையிலேயே முறத்தோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் தாத்தா வழக்கு விசாரித்த இடத்தில் இப்போது சினிமாக் கதை ஓடுகிறது. சிம்மாசனம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த பெரிய நாற்காலியின் மேல் தராசு உட்கார்ந்திருக்கிறது. மண்டபத்தில் ஆடாமல் நிற்கும் சாமான் அது ஒன்றுதானாம்.

தேவாரம் பக்கம் மறுபடியும் யானை இறங்கித் தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டது. போடியில் மாடிக்கு மாடி டிவி கம்பி முளைத்திருக்கிறது. நீங்கள் இருந்தால் இரண்டு சேதியையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் சில கிராமங்கள், ஒரு கண்மாய், ஒரு மலைச்சரிவு, இவ்வளவுதான் நம் ராஜ்ஜியம். நான் பிறப்பதற்குள் ஜமீன் ஒழிப்பு வந்து அதுவும் போய்விட்டது. மிஞ்சியது ஓர் அரண்மனை, குரங்கணிக்கு மேலே ஒரு சின்ன ஏலத்தோட்டம், அப்புறம் உங்கள் பழக்கங்கள். முதல் இரண்டும் கரையானுக்கும் மழைக்கும் போய்க்கொண்டிருந்தன. பழக்கங்களை மட்டும் எதுவும் தொடவில்லை.

மன்னர் மானியத்தை நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா அப்பா? நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த மானியம் பெரிய சமஸ்தானங்களுக்கு வந்தது. நமக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வராத பணம் நின்றுபோனதற்காகப் பட்டினி கிடந்த ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருக்கும். அம்மா சமையற்கட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுதார் என்று நீங்கள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் பழக்கங்களில் தலையானது எதையும் யாரிடமும் கேட்காதது. இலையில் சோறு வேண்டும் என்றால் வாய் திறக்க மாட்டீர்கள். இலையைப் பார்ப்பீர்கள். சமையல்காரர் இருந்தவரை அவர் கொண்டுவந்தார், பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு நான். தாகமென்றால் செம்பைப் பார்ப்பீர்கள். ஒரு நாள் நான் வேண்டுமென்றே கவனிக்காதவள் போல இருந்தேன். வெகுநேரம் செம்பைப் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து போய்விட்டீர்கள்.

பஸ்சுக்கும் நீங்கள் கைகாட்டியதில்லை. சும்மா நிற்பீர்கள், பஸ்சு தானாக நிற்கும். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். பழைய ஆட்கள் இருந்தவரை ஊரே உங்கள் கண்ணைப் படித்துக்கொண்டிருந்தது. அதை நீங்கள் மரியாதை என்று எடுத்துக்கொண்டீர்கள். அது பாதி மரியாதை, பாதி 'ஐயோ பாவம்' என்கிற நினைப்பு.

எனக்கு வேலை கிடைத்ததே இதற்கு நேர்மாறான இடத்தில். போடி தொலைபேசி நிலையத்தில் காதில் குழாயை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க "என்ன நம்பர் வேணும்?" என்று ஊரையே கேட்கிற வேலை. அரண்மனைப் பெண் கடைக்காரர்களைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்பதா என்று நீங்கள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். நான் புரிந்துகொண்டு ஓடுவேன்.

இனி ஜீப்பு விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை சுற்றி வளைத்ததே இதற்குப் பயந்துதான்.

குரங்கணி வரைக்கும் பஸ்சில் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்தே ஏறி நடந்தே இறங்குவீர்கள். அந்த மலைப்பாதையில் ஓடுவது ஜீப்புகள்தான். மூட்டையும் ஆளும் ஒன்றாக அடைத்துக்கொண்டு போகும். ஒருமுறை, வருஷங்களுக்கு முன்னால், காசிமாயன் அண்ணன் உங்கள் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி, "ராசா, ஏறிக்கிறீகளா?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் உள்ளே இருந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "நாம என்ன லோடா?" என்றீர்கள்.

நல்ல பேச்சுதான். அன்று சாயங்காலமே போடி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஜீப்பும் உங்களுக்காக நிற்கவில்லை. வேகத்தைக் குறைப்பார்கள், தலைத்துண்டை எடுத்துக் கும்பிடுவார்கள், போய்விடுவார்கள். உங்களுக்கும் அது பிடித்திருந்தது.

போன மாசியில் தோட்டத்திலிருந்து தனியாக இறங்கி வந்தபோது உங்களுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. குரங்கணிப் பாலத்துக்கு முந்தின வளைவில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். வலித்தாலும் தரையில் உட்காரவில்லை. இறங்கிப் போன ஜீப்புகள் எல்லாம் வழக்கம்போலக் கும்பிட்டுவிட்டுப் போயின. கடைசியாகப் போனது காசிமாயன் அண்ணனின் ஜீப்பு. ஆட்களை இறக்கிவிட்டு அவர் திரும்ப மேலே வந்தபோது நீங்கள் சரிவில் விழுந்து கிடந்தீர்கள். அவர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள்.

முதல் நடையில் அந்த ஜீப்பில் இறங்கிப் போன பெண்கள் துக்கம் கேட்டுத் துஷ்டிக்கு வந்தபோது சொன்னார்கள். "நாங்க கும்பிட்டோம்மா. ராசா லேசாக் கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணாரு. அம்புட்டுத்தான் பாத்தோம்."

அதையே ஊர் பிடித்துக்கொண்டது. கடைசி மூச்சிலும் குடிகளை வாழ்த்திய ராசா என்று பேச்சு. மதராசில் கம்பெனி வேலையில் இருக்கும் உங்கள் மகன், என் அண்ணன், நீங்கள் கை உயர்த்தி நிற்கிற மாதிரி ஓவியரிடம் ஒரு படமே எழுதி வாங்கி அனுப்பினான். அது இப்போது தர்பார் மண்டபத்தில் தராசுக்கு மேலே தொங்குகிறது.

காசிமாயன் அண்ணன் மட்டும் அன்றோடு ஜீப்பைத் தொடவில்லை. குரங்கணியில் அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தியபடியே நின்றது. அவர் மனைவி ராமுத்தாய் நம் மண்டபத்துக்கே காய் பிரிக்க வரத் தொடங்கினாள். "என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாருக்கா. மச்சினன் ஓட்டுறேன்னு சொன்னாலும் சாவியக் குடுக்க மாட்டேங்கறாரு. இப்படியே போனா ஜீப்ப வித்துத்தான் திங்கணும்" என்றாள்.

பதினாறாம் நாள் அவர் அரண்மனைக்கு வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "என்ன தண்டனைன்னு சொல்லுங்க தாயி." அண்ணன் அப்போது ஊரில் இருந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போ, உன்னை மன்னிச்சாச்சு" என்றான். அவனுக்கு அந்த வசனம் ரொம்பப் பொருத்தமாகத்தான் இருந்தது. "உங்க மேல தப்பே இல்லண்ணே" என்று நானும் சொன்னேன். இரண்டையும் வாங்கிக்கொண்டு, முகம் கொஞ்சமும் மாறாமல் திரும்பிப் போனார்.

அது ஏன் பலிக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. தண்டனையோ மன்னிப்போ, இரண்டையும் நாம் மேலே நின்று கொடுக்கிறோம். அவர் கீழே நின்று வாங்குகிறார். ராஜ்ஜியம் போய் இத்தனை வருஷமான பிறகும் அந்த வாசலில் வேறு எதுவும் நடக்கத் தெரியவில்லை.

ஆவணியில் காய் எடுப்பு வந்தது. லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். மழை விடாமல் பெய்தது. காய் உலர்த்தும் நம் ஸ்டோரின் கூரைத் தகரம் காற்றில் போய்விட்டதால் காயைக் கீழேதான் கொண்டுபோக வேண்டும். வழக்கமாக வரும் ஜீப்பு அச்சு முறிந்து கிடந்தது. மற்ற ஜீப்புகள் எல்லாம் வேறு தோட்டங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பச்சைக்காய் மூட்டையில் கிடந்து சூடேறத் தொடங்கிவிட்டது. வருஷத்துக்கு நமக்கு இருக்கிறதே அந்த ஒரு வெள்ளாமை. குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் காசிமாயன் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் கூரைக்கடியில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்றார். எனக்கு வாய் வரவில்லை அப்பா. நாள் முழுக்க ஊரைக் கேட்கிறவளுக்கு, தனக்கென்று ஒன்றைக் கேட்க நாக்கு எழவில்லை. நான் போய் நின்றேன், தார்ப்பாயைப் பார்த்தேன். சாட்சாத் நீங்கள் செம்பைப் பார்ப்பீர்களே, அதே பார்வை. அவரும் பழக்கத்தில் புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். "அண்ணே, நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்திருக்கேன்."

"உத்தரவு சொல்லுங்க தாயி."

"உத்தரவெல்லாம் இல்லண்ணே. காய் மேல கெடக்கு. இன்னைக்கு எறக்கலைன்னா வீணாப் போயிரும். எனக்கு வேற வழி தெரியல. வண்டி எடுக்க முடியுமா?"

"நான் வண்டியத் தொடுறதில்லையே தாயி."

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் கேக்குறேன். முடியாதுன்னாலும் சொல்லுங்க, வருத்தப்பட மாட்டேன்."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நம் வீட்டு மனிதர்களின் முகத்தை அவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் சாவி இருந்தது. "வெரசா வாங்க தாயி, மழை கூடுறதுக்குள்ள ஏத்திரணும்" என்றார்.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வளைவு வந்ததும் ஜீப்பை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தார். அவர் அழப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். "விடுங்கண்ணே. ஆசீர்வாதம் பண்ணித்தான் அனுப்புனாருன்னு எல்லாரும் சொன்னாகள்ல."

"இல்ல தாயி. ஆசீர்வாதமில்ல. கூப்பிட்டாரு" என்றார். "பின்னாடி இருந்த பொம்பளையாளுகளுக்குத் தெரியாது. நான் கண்ணாடில பாத்தேன். நாங்க தாண்டிப் போன பெறகும் கை எறங்கல. ராசாவாவது நம்மளக் கூப்பிடுறதாவதுன்னு நெனச்சுக்கிட்டு வண்டிய மிதிச்சுப் போயிட்டேன்."

மழை ஜீப்பின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக இதை அவர் ஒருவராகச் சுமந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அழுகை வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம்தான். என் அப்பா கூப்பிட்டிருக்கிறார். சில மூட்டைகளை இறக்க ஒருவரிடம் வண்டி கேட்க எனக்கே இவ்வளவு கூச்சமாக இருந்ததே, உங்களுக்கு அது எவ்வளவு இருந்திருக்கும்? அதையும் மீறிக் கையை நீட்டியிருக்கிறீர்கள்.

"அவரு கூப்பிட்டாருன்னு சொன்னீங்களே அண்ணே, அது போதும்" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். காய் வீணாகவில்லை. மறுநாளிலிருந்து அவர் ஜீப்பு ஓடுகிறது. ராமுத்தாய் மண்டபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, "எழுதுங்க தாயி, எம்பேரையும் போட்டே எழுதுங்க" என்றார். அண்ணனிடமும் ட்ரங்க் கால் போட்டுச் சொன்னேன். குடும்ப மானம் போய்விடும் என்றான். போகட்டும், அதுவும் எத்தனை நாளைக்குத்தான் நம்மோடு இருக்கும்.

அப்பா, வருகிற மாசியில் உங்களுக்கு முதல் திதி. அன்று அந்தப் படத்தை இறக்கிவிடப் போகிறேன். யாரையும் கூப்பிடாமல் கம்பீரமாகப் போனார் என்று என் காதுபட யார் சொன்னாலும், சொல்கிறவர் யாராக இருந்தாலும், இல்லை, என் அப்பாவுக்கு வலித்தது, எல்லாரையும் போல அவரும் ஒரு மனுஷரைக் கைநீட்டிக் கூப்பிட்டார் என்று திருத்துவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஊருக்கு நீங்கள் ராசா. நான் ராசாவுக்குப் பிறந்தவள் என்று இனி எங்கும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

உங்களை அப்பா என்று மட்டுமே கூப்பிடத் தெரிந்த
உங்கள் மகள்