பிரென்னாவின் பீர் கோப்பை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? சாப்பாட்டுக்குப் பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன்.

நீதிமன்றம் போய் வந்தேன். சிரிக்கிற கதைதான், பயப்படாதீர்கள். ஒருநாள் கால்பந்து மைதான வாசலில், அறைத்தோழி பிரென்னா ஷூ கயிறு கட்டக் குனிந்தாள். "இதக் கொஞ்சம் புடிடி" என்று பீர் கோப்பையை நீட்டினாள். இங்கே பீருக்கு இருபத்தொரு வயது ஆக வேண்டும்; அது ஆகாத என் கையில் கோப்பையைப் பார்த்த போலீஸ்காரர் வழக்கு எழுதிவிட்டார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு குடியின் கேடு பற்றிய ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தால் வழக்கே இல்லாமல் போய்விடுமாம். எல்லாரும் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். நான் உங்கள் மகளாயிற்றே, வாதாடினேன்.

"நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கலைங்க. சும்மா கையிலதான் வச்சிருந்தேன்."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "குடிச்சேன்னு யாரும்மா சொன்னா? கையில வச்சிருந்ததுதான் வழக்கே. நீயே ஒத்துக்கிட்டியேம்மா!"

குற்றவாளி என்று பதிவாகிவிட்டதால், இனி மருத்துவமனையில் நர்சிங் பயிற்சிக்குச் சேர்ப்பார்களா என்பது சந்தேகம்தான். மேல்முறையீடு செய்தாலும், நான் சொல்லப்போகும் உண்மை அதேதானே?

அம்மாவின் பழைய கம்பளிக் கோட்டை அனுப்புங்கள். பிரென்னா வேறு அறைக்குப் போய்விட்டதால் இங்கே குளிர் அதிகமாகத் தெரிகிறது. நம் சர்ச்சில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஞாயிறன்று இங்குள்ள சர்ச்சில் திருவிருந்துக் கிண்ணத்தை நீட்டினார்கள். நம் ஊரைப் போலவே வெறும் திராட்சைச் சாறுதான். என் கை தானாகப் பின்னால் போய்விட்டது, அப்பா.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

மார்லிஸ்