மஞ்சள் பூசிய அடிக்கல்

அக்கா,

இன்று காலை தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேடேறும்போதே கற்பூர வாசம் வந்துவிட்டது. யாரோ பிள்ளைத்தாச்சிப் பெண் அந்தக் கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வாசம் வந்தால் நீங்களும் வந்துவிடுகிறீர்கள். பனிமூட்டத்துக்குள் தலையில் கம்பளியோடு யாரோ குனிந்து நிற்பது போலவே இருக்கிறது. கிட்டப் போனால் ஒருவரும் இல்லை.

பிரசவ வலியில் துடித்த உங்கள் மகளைக் கம்பளியில் தூளி கட்டி, வண்டி பிடிக்க நடுவட்டம் ரோட்டுக்குத் தூக்கிப் போனோமே, பாதி வழியிலேயே தூளியில் சத்தம் நின்றுபோனது. அதற்கப்புறம்தான் மந்திரி வந்து ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார். மாலை, மைக், லட்டு. எல்லாரும் கைதட்டினோம், நீங்கள் மட்டும் தட்டவில்லை. "கண்டிச் சீமையிலருந்து இங்க வரக் கப்பல் ஏறயிலயும் இப்படித்தான் சொன்னாங்க. கட்டி முடிக்கட்டும், அப்ப தட்டுறேன்" என்றீர்கள்.

கட்டடம் வரவில்லை, கல்லில் பாசி வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தேங்காய் நாரால் அதைத் தேய்த்துக் கழுவுவீர்கள். எழுத்துப் பளிச்சென்று தெரிய மஞ்சளைக் குழைத்துப் பூசினீர்கள். ஜீப்பில் எந்த அதிகாரி வந்தாலும் அங்கே கூட்டிப்போய்ச் சத்தமாக வாசிக்கச் சொல்வீர்கள். உலக நாடுகளெல்லாம் கூடி ஏழைகளுக்கு வைத்தியம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கின்றன என்று ரேடியோவில் சொன்ன அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "உலகத்துக்கே சொல்லிட்டாங்களாம். இந்த லயத்து வீடுகளுக்கு வர்ற வழி தெரியுமாமா?"

அந்த மஞ்சளில்தான் ஏமாந்தோம், அக்கா. இந்த மலையில் மஞ்சள் பூசிய கல்லை யார் சும்மா விடுவார்கள்? புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பூ வைத்தார்கள், குங்குமம் அப்பினார்கள், சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். "அது சாமி இல்ல புள்ள, ஆஸ்பத்திரி" என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அவர்கள் உங்களைப் பூசாரி என்றே நினைத்து நெற்றியை நீட்டினார்கள்.

கடைசியில் உங்களையும் கம்பளித் தூளியில்தான் தூக்கினோம். நெஞ்சு வலியோடு, கல்லருகே இறக்கச் சொன்னீர்கள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வாசி" என்றீர்கள். வாசித்தேன். ரோடு போய்ச் சேருமுன் அந்தத் தூளியும் சத்தமில்லாமல் போனது. அன்றிலிருந்து எனக்கு அந்த மேட்டில் தனியாக நிற்கப் பயம்.

போன வாரம் ஒரு புது அதிகாரி வந்தார். நல்ல மனுஷன்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏனுங்க, இது எந்த அம்மன்?"

என் தொண்டையிலிருந்து வந்தது என் குரல் மாதிரியே இல்லை. "அம்மன் இல்லீங்க. நீங்க குடுத்த வாக்கு. வாசிங்க" என்று சொல்லி, ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தேன்.

முதல் வரியைச் சத்தமாகத்தான் தொடங்கினார். போகப் போகக் குரல் இறங்கிவிட்டது. மேலே எழுதிக் கேட்பதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

என் கூடையில் இப்போது எப்போதும் ஒரு தேங்காய் நார் கிடக்கிறது, அக்கா. நான் கைதட்டவில்லை.