கோட்டில் உட்காராத துடிப்பு

என் ஹெட்போன் செத்துவிட்டதால் இன்று காலை உன்னுடையதை மாட்டிக்கொண்டேன். காதுப் பஞ்சில் இன்னும் உன் தலைவலித் தைலத்தின் வாடை. போன பிறகும் நாறடிக்கிறாயே என்று சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். திருப்பித் திட்ட ஆள் இல்லாத நக்கல் சப்பென்று இருக்கிறது.

நம் மந்தைவெளி மாடியறை ஒலிப்பதிவுக் கூடத்தில் யார் வந்து எதை வாசித்தாலும், நீ அதைக் கணினித் திரையில் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு அடியையும் இழுத்து அதனதன் தாளக் கோட்டின்மேல் உட்காரவைப்பாய். "மன்சன் கை சும்மா மச்சி, கோடுதான் நெசம்" என்பாய். மயிலாப்பூர் மிருதங்க மாமா தடுமாறி வாசித்ததை நீ திருத்திப் போட்டுக் காட்டியதும் மனிதர் உருகிவிட்டார். "பாத்தேளா, இந்த வயசுலயும் கை எவ்ளோ சுத்தமா பேசறது!" அவர் படியிறங்கிய பிறகு, "கை எங்க பேசிச்சு, மவுசு பேசிச்சு" என்றாய். நான் வாசித்தால் அந்த மரியாதைகூடக் கிடையாது, நேராகவே சொல்வாய். "நீ வாசிச்சதுல உன்னுது ஒண்ணுதான் மிச்சம் கீது. ஸ்டார்ட் பண்றதுக்கு மின்ன இருமுனியே, அது."

அப்புறம் அந்தப் பேய்த் தொடர் வந்தது. இதயத் துடிப்புச் சத்தம் வேண்டும் என்றார்கள். "ரெடிமேடு எதுக்கு? நமக்கு நெஞ்சு இல்லியா?" என்று சட்டையைக் கழற்றி, மைக்கை நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டாய். திரையில் மேடு மேடாக ஓடியது. நடுவில் ஒரு மேடு காணோம். அடுத்தது தாமதமாக வந்தது.

"இன்னாடா மைக்கு இது, முழுங்குது?"

"மைக்கை ஏன் திட்டற? உன் நெஞ்சுக்கே தாளம் நிக்கலடா!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். துடிப்பு தவறினால் டாக்டரைத் தேடுவது உலக வழக்கம்; நாம் மவுசைத் தேடினோம். ஓட்டைகளை இழுத்து மூடி, ஒழுங்கான துண்டு ஒன்றைப் பிடித்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டாய். கேட்க அவ்வளவு ஆரோக்கியமாக இருந்தது.

தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே லஸ் சிக்னலில் பைக்கோடு சாய்ந்தாய், எழவேயில்லை. துடிப்பு நெடுநாளாகத் தவறிக்கொண்டிருந்திருக்கும் என்றார் டாக்டர். உன் மனைவி அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்: "அவரு நெஞ்சு சத்தத்த அத்தினி வாட்டி போட்டுப் போட்டுக் கேட்டீங்களேண்ணே, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தோணலியா?"

போன வாரம் அதே தொடரின் இரண்டாம் பாகத்துக்காக இயக்குநர் வந்தார். பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டே வந்தவர், நீ திருத்துவதற்கு முந்தைய பதிவில் துள்ளினார். "சார், இதான் சார்! விட்டு விட்டு அடிக்குது பாருங்க. ஹீரோ சாகற சீனுக்கு அள்ளிடும்!"

தர மாட்டேன் என்றேன். பதிலுக்கு மைக்கை என் நெஞ்சில் ஒட்டிப் பதிந்து கொடுத்தேன். பென்ஷன் வாங்கப் போகிறவர் நடைபோல ஒரே சீராக அடித்தது. "இதுல ஃபீல் இல்ல சார்" என்று எழுந்துபோய், வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். நான் உயிரோடிருப்பதற்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

அந்தத் திருத்தாத பதிவு என்னிடமே இருக்கிறது. போட்டுக் கேட்கிறேன். துடிப்பு விட்டுப்போகும் இடத்தில், பழக்கதோஷம், அடுத்ததை இழுத்துக் கோட்டில் வைக்க விரல் தானாக நகர்கிறது. மடக்கிக்கொள்கிறேன். காத்திருக்கிறேன். கொஞ்சம் தாமதமாக, அது வந்துவிடுகிறது.