ரோஸ் சட்டையும் அரை நாள் லீவும்

அம்பத்தூர்
7-10-2024

அன்பு மருமகள் நிஷாவுக்கு உன் தாய்மாமன் எத்திராஜ் எழுதுவது.

இங்கே நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். உன் அத்தை சரசா அந்தச் சிங்கத்தைக் கூண்டில் வைக்கும் அளவுக்கு இருக்கிறாள். கடலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை எப்படிப் போகிறது? போனில் கேட்டிருக்கலாம். எங்களுடையது ஒரே அறை. நான் இருமினாலும் அத்தை அதற்கு அர்த்தம் கேட்பாள். அதனால்தான் கடிதம்.

நேற்று அத்தை வேலை செய்யும் சுவிட்ச் கம்பெனி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் புற்றுநோய் விழிப்புணர்வுப் பேரணி நடத்தியது. ஐயாயிரம் பேர் இருக்கும். முன்னால் பேனர் பிடித்தவன் உன் மாமன். எனக்கும் ரோஸ் கலர் சட்டை கொடுத்தார்கள். ரோஸ் பலூன், ரோஸ் தொப்பி, கேசரியைக்கூட ரோஸாகக் கிண்டியிருந்தார்கள். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் மீனை விட்டுவிட்டு என்னையே பார்த்தன. எச்.ஆர். தம்பி பிரசன்னா மைக்கில் முக்கால் மணி நேரம் பேசினார். எந்த இடத்தில் வருகிற புற்றுநோய் என்பதை மட்டும் கடைசிவரை தமிழில் சொல்லவில்லை. கூச்சப்படுகிற பிள்ளை.

முடிவில் எல்லாருக்கும் சர்டிபிகேட். அத்தையுடையதை லேமினேஷன் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம். அத்தைக்கு இடது மார்பில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி, ஆடி மாதத்திலிருந்து. வலி இல்லையாம். பேரணிக்கு முன்னால் கொஞ்சம் பயந்தாள். இப்போது அந்தப் பயமும் போயிற்று. "அதான் போயிட்டு வந்தேனே. எதுனா இருந்தா சர்டிபிகேட் குடுத்துருப்பாங்களா?" என்கிறாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நீ நர்ஸ் என்பதால் உன் காதிலும் போட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
பேரணியை நடத்திக்கொடுத்த மாமன்,
எத்திராஜ்


கடலூர்
11-10-2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை டூட்டி அறையில் நின்றபடி படித்தேன். கொக்குவரை சிரித்தேன். கட்டி வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை நடந்தார் என்பதற்குத்தான் அந்தச் சர்டிபிகேட். அவர் உடம்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அங்கே ஒரு டாக்டராவது வந்தாரா? யாராவது அத்தையைத் தொட்டுப் பார்த்தார்களா? வலி இல்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இந்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. எல்லாக் கட்டியும் புற்றுநோயும் இல்லை. பார்த்தால்தான் தெரியும்.

இங்கேயும் போன வாரம் வாசலில் ரோஸ் பலூன் கட்டினோம். ஊதுகிற நேரத்தில் வரிசையில் நிற்கிற பெண்களைப் பரிசோதிக்கலாமே என்றேன். மேட்ரன் முறைத்தார்.

இந்த வாரமே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், கூச்சம் வேண்டாம். அத்தையிடம் நான் எழுதியதை அப்படியே படித்துக் காட்டுங்கள். உங்கள் பங்குக்கு எதுவும் சேர்க்க வேண்டாம், மாமா.

உங்கள் அன்பு,
நிஷா


அம்பத்தூர்
19-10-2024

அன்பு நிஷாவுக்கு,

படித்துக் காட்டினேன். அத்தை வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "அப்போ என்னாத்துக்குய்யா என்னை அந்த வெயில்ல நடக்கவுட்டானுங்கோ?" என்றாள். மீதி வெண்டைக்காயை நானே நறுக்கினேன் என்றால் பார்த்துக்கொள்.

அவள் லீவு கேட்டதற்குத் தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று பிரசன்னா சொல்லிவிட்டாராம். விடுவேனா? ரோஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனேன். நூறு செக்யூரிட்டிகள் தடுத்தார்கள். சிங்கம் மாதிரி கர்ஜித்தேன். பிரசன்னாவே வெளியே வந்தார்.

"தம்பி, இந்தச் சட்டை யாரு குடுத்தது?"

"கம்பெனி சார்."

"இன்னாத்துக்குக் குடுத்தீங்கோ?"

"அவேர்னஸுக்கு சார்."

"எனக்கு வந்துடுச்சி. சரசாவுக்கு மார்ல கட்டி கீது. இட்டுகினு போயி காட்டணும். அரை நாள் லீவு குடு."

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"நீ மைக்குல பேசுனியேப்பா."

ஷிப்ட் மாறும் நேரம். வெளியே வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து பேக்கிங்கில் வேலை செய்யும் பேபி, "சார், எனக்கும் கீது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல," என்றாள். பிரசன்னா முகம் மாறிவிட்டது. நல்ல பிள்ளைதான். பலூன் வாங்கச் சொன்னவர்கள் அவருக்கு வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பேருக்கும் அங்கேயே லீவு எழுதிக் கொடுத்தார்.

புதன்கிழமை போனோம். டாக்டரம்மா பரிசோதித்தார், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அத்தை உள்ளே இருந்தபோது வாட்ச்மேனுக்கு நம் பேரணிக் கதையைச் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

உன் மாமன்,
எத்திராஜ்


அம்பத்தூர்
9-11-2024

அன்பு நிஷாவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுநோய்தான். சின்னதாக இருக்கிறதாம், அக்குளுக்குப் பரவியதாகத் தெரியவில்லையாம். இருபதாம் தேதி ஆபரேஷன், பிறகு மருந்து. சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று, குணமாக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பேபிக்கு வெறும் நீர்க்கட்டி. உன் அத்தையின் ரிசல்ட்டைக் கேட்டு அவள் அழுதாள், அத்தைதான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனிக்குள்ளேயே ஒரு லேடி டாக்டர் வந்து எல்லாப் பெண்களையும் பார்க்கப்போகிறார். வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல். பலூன் கிடையாதாம். எல்லாம் என் உத்தரவு. பிரசன்னா எது செய்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்கிறார்.

உன் மாமன்,
எத்திராஜ்

நிஷா, அத்தை எழுதுகிறேன். கவரை ஒட்டுமுன் வாங்கிப் படித்தேன். டாக்டரம்மா சொன்னதாக இருப்பது அத்தனையும் நிஜம், நானும் கூட இருந்து கேட்டேன். கேட்டில் உன் மாமா கர்ஜித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அன்றைக்குக் குரல் நடுங்கிற்று என்று பேபி சொன்னாள். ஆனாலும் கேட்டுவிட்டார். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன். இருபதாம் தேதி லீவு போட்டு வா. என்னைப் பார்க்க அங்கே நர்ஸுகள் இருக்கிறார்கள். என்னை உள்ளே கூட்டிப்போன பிறகு இவர் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும்.

சரசா