தள்ள வேண்டிய பக்கம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை, நீயாவது அங்கே நலமாக இரு. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று போனில் கேட்டால் எல்லாம் சாப்பிடறேம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். போனில் பேசினால் பக்கத்தில் அவள் இருப்பாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், நிதானமாகப் படி. நான் மறுபடியும் கம்பெனிக்குப் போகிறேன், அதே பொத்தான் தைக்கிற மேசைதான். பக்கத்து மேசைக்காரி, அழுதுக்கிட்டே தைச்சா ஊசி விரல்லதான் ஏறும், மூக்கைச் சிந்திட்டு வாடி என்று அதட்டுகிறாள், திட்டிக்கொண்டே என் பங்கையும் சேர்த்துத் தைத்துவிடுகிறாள். அப்பாவின் வேலைச் சட்டை பெயின்ட் சொட்டோடு கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. துவைக்கவும் மனசில்லை, கழற்றி வைக்கவும் மனசில்லை.

விஷயம் உன் தங்கச்சியைப் பற்றியது. போன வாரம் கணக்கு டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். போய் நின்றதும், உங்க பொண்ணு தள்ள வேண்டிய மூலத்தை வச்சுக்கறா, வச்சுக்க வேண்டிய மூலத்தைத் தள்ளிடறா, எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா என்றார். எனக்கு மூலம் என்றால் ஒன்றுதான் தெரியும். அந்த வியாதியெல்லாம் அவளுக்கு இல்லீங்க டீச்சர், காலையில ஒழுங்காத்தான் போறா என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. டீச்சர் சிரிக்கவில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்து எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். இருபடிச் சார்பு என்று ஒரு பாடமாம். கட்டடத்து உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கைவிட்டால் அது எப்போது தரைக்கு வரும் என்பது கணக்கு. குறுக்குக் கோடு நேரம், நெட்டுக் கோடு உயரம். வரைந்தால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு வருகிறது. கல்லு சாஞ்சு சாஞ்சு விழுதா என்று கேட்டேன், இல்லம்மா, கல்லு நேராத்தான் விழுது, குறுக்கே நகர்றது நேரம் என்றார். கிண்ணத்தின் உச்சிதான் கல்லை விட்ட நொடி. அங்கிருந்து வலது பக்கம் இறங்கித் தரைக்கோட்டைத் தொடுகிற இடம் ஒரு மூலம், அதுதான் விடை. இடது பக்கமும் அதே அச்சாகக் கோட்டைத் தொடுகிறது, அது இன்னொரு மூலம். ஆனால் இடது பக்கம் கல்லை விடுவதற்கு முந்தின நேரம், மைனஸ், அப்படி ஒன்று நடக்கவே இல்லை, அதனால் அதைத் தள்ளிவிட வேண்டுமாம். உன் தங்கச்சி வரைந்த தாள்களை என் முன்னால் பரப்பினார். எல்லாவற்றிலும் இடது பாதி மட்டும். தரையிலிருந்து கிளம்பி அழகாக ஏறி உச்சியில் போய் நின்றுவிடுகிறது, அதற்குமேல் பென்சில் நகரவே இல்லை. தெரியாம போடற பிள்ளை இல்லம்மா இவ, அதுதான் எனக்குப் பயமா இருக்கு என்றார் டீச்சர். வருகிற பரீட்சையிலும் இப்படியே போட்டால் மேல் வகுப்பில் கணக்குப் பிரிவு கிடைக்காதாம்.

வீட்டுக்கு வந்து மூலத்துக்கு நான் சொன்ன பதிலை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏம்மா, மானத்தை வாங்கிட்டியே என்றவளுக்கு அப்படியே மூச்சு முட்டியது, கண்ணில் தண்ணீர் மட்டும் வரவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் சொன்னாள். எந்தக் கட்டடத்தைக் கொடுத்தாலும் அப்பா பெயின்ட் அடிக்க ஏறி நின்ன சாரம்தாம்மா தெரியுது, வலது பக்கம் கோட்டை இழுத்தா அவர் விழுந்துடுவார், இடது பக்கம்னா ஏறி வர்றார், ஏறி வந்து மேல நிக்கிறார் என்றாள். நடந்து முடிஞ்சதை நீ வரையாம விட்டா திரும்பியா வரும் என்று கேட்டேன். பரீட்சை போனா போகட்டும், நானும் உன்கூடப் பொத்தான் தைக்க வரேன் என்றாள். அதட்டினேன். அதற்கு அவள், அண்ணன் படிச்சவன்தானே, அவனே சொன்னானே, அப்பா இன்னும் சாரத்து மேல வேலையிலதான் இருக்கார்னு நினைச்சுக்க, நானும் அப்படித்தான் நினைச்சுக்கறேன்னு என்றாள்.

உன்மேல் கோபம் இல்லை கண்ணு. அப்பா போனபோது உனக்கு லீவு கொடுக்கவில்லை, நீ வர முடியவில்லை, கடைசியாக அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காததால் உனக்கு அவர் மேலேயே நிற்கிறார். தங்கச்சி தவிக்கக் கூடாது என்று பிரியமாகத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேஸ்திரி ஆள் அனுப்பி நான் ஓடினபோது அவர் தரையில்தான் கிடந்தார், தலையை என் மடியில்தான் எடுத்து வைத்தேன். கீழே வராத மனுஷனுக்கு யார் அழுவது சொல்லு. நீயும் அழவில்லை, அவளும் அழவில்லை, இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் அழுதுகொண்டிருக்கிறேன், அவள் என்னவோ நான் அவரைப் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள். நான் சொன்னால் அவள் காதில் ஏறாது. நீ சொன்னால் ஏறும்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் பண்ணு. நான் கடைக்குப் போகிற சாக்கில் வெளியே இருப்பேன். கணக்கு சொல்லித் தராதே, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா விழுந்துட்டார், அப்பா செத்துப் போயிட்டார் என்று உன் வாயால் அவளிடம் சொல்லு. நீயும் இன்னும் ஒருமுறைகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உயரத்தில் ஏறுகிற வேலை எது வந்தாலும் ஒத்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் எனக்குப் பின்னாலும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து வாழுங்கள். போனில் சொல்லும்போது உனக்கு அழுகை வந்தால் வைத்துவிடாதே. அவள் கேட்கட்டும்.

உன் அம்மா