நாலாவது மேஜை

மார்ச் 4
ஆமா, காலேஜ விட்டுட்டேன். அதுக்கென்ன இப்போ? சித்தப்பா இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டாரு, "அடுத்து என்னடா?"ன்னு. நாளையிலேருந்து அக்காகூட வேலைக்குப் போறேன், போதுமா? அவ பழைய கட்டடங்களப் பழுது பாக்குற ஆர்க்கிடெக்ட். இப்ப எடுத்திருக்கிறது ஊர்லயே முதல் மழலையர் பள்ளி. கட்டி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப பூட்டியே கிடக்கு. இடிச்சிட்டு கார் நிறுத்த இடம் பண்ணணும்னு நகராட்சி ஒத்தக்கால்ல நிக்குது. இருபதாம் தேதி மரபுக் கட்டடக் குழு வந்து பாக்கும். பட்டியல்ல சேத்தா பொழைச்சுது. இல்லாட்டி புல்டோசர்.

மார்ச் 5
எல்லாமே குட்டி. ஜன்னல் என் முழங்கால்ல தொடங்குது. படி ஒவ்வொண்ணும் நாலு விரல் உயரம். கதவுல மூணு தடவ தலைய இடிச்சிக்கிட்டேன். மர வேலை பாக்குற அண்ணன் சிரிக்கிறாரு: "வளந்தது உன் தப்புடா தம்பி."

மார்ச் 9
தூசி. துடை. திரும்ப தூசி.

மார்ச் 11
தரையோட சேத்து அடிச்ச நாலு நீள மேஜை. மேல கறுப்பா அழுக்கு. "ஈரத்துணியால ஒத்தி ஒத்தி எடு"ன்னு சொல்லிட்டு அண்ணன் ஆணி வாங்கப் போனாரு. ஒத்தி எடுத்தா எப்ப முடியும்? அவரு பையில உப்புத்தாள் இருந்துச்சு. ஒரு மேஜை, ஒரே மணி நேரம். அழுக்குக்கு அடியில எவனோ காம்பஸால கீறி வெச்சிருந்தான், அதையும் சேத்து வழவழன்னு ஆக்கிட்டேன். சூப்பர்.

மார்ச் 12
சூப்பரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.
மத்த மூணையும் துடைச்சதும் தெரிஞ்சுது — மேஜை பூரா ஒரு அங்குலக் கட்டம், கணக்கு நோட்டு மாதிரி. புள்ளைங்க அந்தக் கட்டத்துல மரத்துண்ட அடுக்கி அடுக்கிப் படிச்சிருக்காங்க. அக்கா குதிக்கிறா: "இது பள்ளியே இல்ல, வெறும் வீடுதான்னு நகராட்சி சொல்லுதுல்ல? இந்த மேஜைங்கதான் பதில்!" அப்புறம் நாலாவதப் பாத்தா.
"யாரு தேச்சது?" — என்னைக் கேக்கல. அண்ணனக் கேட்டா. தாள் அவருதுதானே.
"நான் தேய்க்கல மேடம்." என்னை ஒரு தடவ பாத்தாரு. அவ்ளோதான்.
"பின்ன, மேஜை தானா தேச்சுக்கிச்சா? நாளைலேருந்து வராதீங்க."
நான் பக்கத்துலயேதான் நின்னேன். வாயில என்ன, பூட்டா?

மார்ச் 15
நாளைக்குச் சொல்லிடுவேன்.

மார்ச் 16
நாளைக்கு.

மார்ச் 20
குழுவுலேருந்து ஒரு அம்மா வந்தாங்க, கையில அந்தப் பள்ளியோட பழைய வரைபடம். "இதுல கட்டம் போட்ட மேஜை நாலு. இங்க மூணுதானே?"
நகராட்சி ஆளு விடுவானா: "பாத்தீங்களா! அது வேற கட்டடத்து வரைபடம்னு அப்பவே சொன்னேன்."
அக்கா, "எங்க வேலையாள் ஒருத்தர்..."னு இழுத்தா.
"நான்தான்"னுட்டேன். "நாலாவதுலயும் கட்டம் இருந்துச்சு. நான்தான் தேச்சேன். அண்ணன் இல்ல."
அக்கா மூஞ்சிய நான் பாக்கல. அந்தம்மா திட்டவும் இல்ல. "எந்த நம்பர் தாள்? எவ்ளோ நேரம்? தாள் எங்க போகல?" எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. எங்க போகல — சுவரோட ஒட்டின ஓரம்! கை நுழையாத இடம். டார்ச் அடிச்சுக் காட்டினேன். ரெண்டே ரெண்டு கட்டம். அளந்தாங்க. சரியா ஒரு அங்குலம். நகராட்சி ஆளு போன எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான்.
வீட்டுக்கு வந்து அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "எட்டு நாள்டா. அந்த மனுஷன் எட்டு நாள் வீட்ல உக்காந்திருந்தாரு."

மார்ச் 21
ரெண்டு பேரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அக்கா மன்னிப்பு கேட்டா. "நீங்க கேட்டது தப்பில்ல மேடம். பதில நம்பலையே, அதான்"னாரு. நானும் கேட்டேன். அவரு அக்கா பக்கம் திரும்பி, "நாளைக்கு வேலைக்கு வரேன் மேடம்"னாரு.

மே 6
பட்டியல்ல சேத்தாச்சு! கடிதம் வந்துடுச்சு. அதுல: "மேஜைகள் நான்கு, ஒன்று அண்மையில் தவறுதலாகத் தேய்க்கப்பட்டது." என் சாதனை அரசாங்கக் காகிதத்துல ஏறிடுச்சு. சித்தப்பாகிட்ட காட்டல.

மே 9
அளவு நோட்டோட பின்பக்கத்துல எழுதுறேன். கருவி எதையும் தொடக்கூடாதுன்னு அக்கா உத்தரவு. அளந்து எழுதுறது மட்டும்தான் என் வேலை. அண்ணன் திரும்பி வந்து ஏழு வாரம் ஆச்சு. எல்லார்கிட்டயும் பேசுறாரு, என்னைத் தவிர. இப்ப ஜன்னல் சட்டத்தக் கழட்டுறாரு. தனி ஆளா முடியாது அது. சுத்திமுத்தும் பாக்குறாரு. வேற யாரும் இல்ல.
"டேய், எழுதினது போதும்! வந்து இந்தப் பக்கம் பிடி. கீழ போட்ட, கொன்னுடுவேன்."
போகணும்.